நம்பிராஜன் லாட்ஜின் மீன்முகம்

1981 ஜூலை 9, தென்காசி

இல்லை, என் சுவரில் மாட்டியிருப்பது சாமி படம் இல்லை. தண்ணீர். நானூறு வருஷத்துக்கு முந்தைய இத்தாலிக்காரர் ஒருவர் தண்ணீரை ஒரு முகமாக வரைந்திருக்கிறார். கன்னத்தில் திருக்கை, மார்பில் நண்டு, கழுத்தில் முத்துமாலை, மற்றதெல்லாம் மீன். சைவ வீட்டில் இதை மாட்டலாமா என்று அம்மா தினமும் கேட்கிறாள்.

இரவல் அச்சுப்படம். மெட்ராஸ் புரொபசருடையது. படமும் அதைப் பற்றிய கட்டுரையும் 31-க்குள் அவர் கைக்குப் போனால்தான் பரோடாவில் மேலே படிக்கச் சிபாரிசு.

ஜூலை 12

சாரல். படத்தில் அறுபது உயிர்கள் வரை எண்ணினேன். கட்டுரை ஒரு வரி நகரவில்லை.

ஜூலை 18

ஆலங்குளத்தில் சித்தி வீட்டில் இரண்டு நாள் இருந்துவிட்டு வந்தால் — சுவரில் ஆணி மட்டும்.

அம்மா கொடுத்துவிட்டாள். ஐந்தருவி ரோட்டில் லாட்ஜ் கட்டும் நம்பிராஜன் அண்ணாச்சிக்கு, திருஷ்டிப் படமாக.

"நீ மீனைத்தானட்டி எண்ணிக்கிட்டு இருந்த. எண்ணி முடிச்சாச்சுன்னு நெனச்சேன்."

இவளை என்னதான் செய்ய?

ஜூலை 19

போனேன். கண்ணாடி போட்டு, சட்டம் அடித்து, போர்ட்டிகோவுக்கு மேலே. என் சுவரில் அதற்கு இந்த மரியாதை இல்லை.

பால் காய்ச்சும் முன் திருஷ்டிப் படத்தை இறக்கக் கூடாது என்கிறார் அண்ணாச்சி. ஆடி பிறந்துவிட்டது, இனி ஆவணியில்தான் பால் காய்ச்சுவார். 31 என்ன ஆவது?

"மேலெல்லாம் எத்தனை கண்ணு பாத்தியளா தங்கச்சி? எவன் கண்ணு வச்சாலும் இது அத்தனையாலயும் திருப்பிப் பாக்கும்லா."

மீன்களை எண்ணினேன். கண்களை?

ஜூலை 20

எதிர் டீக்கடையில் இரண்டு மணி நேரம். குளிக்க வருகிறவர்கள் பஸ் ஜன்னலில் நிமிர்ந்து பார்க்கிறார்கள், சட்டென்று தலையை இழுத்துக்கொள்கிறார்கள். யாருக்கும் மீன் தெரியவில்லை. ரோட்டைத் தாண்டி நின்றதும் எனக்கும் — முதல் தடவையாக — முகம்.

எனக்கு முன்னால் படத்துக்கு வேலை கிடைத்துவிட்டது.

ஜூலை 26

பதினோரு பக்கம். எல்லாம் டீக்கடையில்.

ஜூலை 27

தபாலில் சேர்த்தேன். படம் இல்லாமல். ஏன் இல்லை என்பதுதான் கட்டுரையே. தொலைந்துவிட்டது என்று பொய் எழுதியிருக்கலாம். எழுதலை. பயமாத்தான் இருக்கு.

ஆகஸ்ட் 8

புரொபசரின் கார்டு. மூன்று வரி திட்டு. பிறகு: சிபாரிசு அனுப்பியாயிற்று; பால் காய்ச்சியானதும் படத்தை நீயே கொண்டு வா.

ஆகஸ்ட் 20

பரோடாவில் இடம்.

ஆகஸ்ட் 24

நேற்று அண்ணாச்சி பால் காய்ச்சினார். இன்று காலை படத்தைப் புதுத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்தார். அம்மா வாங்கி, ஈரம் துடைத்து, என் டிரங்குப் பெட்டியில் சேலைகளுக்கு நடுவே வைத்தாள். 

மத்தியானம் ஸ்டேஷனுக்குப் போய் மெட்ராஸுக்கு ஒரு டிக்கெட் எடுத்தேன்.