அணைந்து எரிந்த வாசல் விளக்குகள்

அன்பு மகள் லோர்னாவுக்கு,

செவ்வாய்க்கிழமை மதியம் இரண்டு இருபதுக்குத்தான் அம்மா போன செய்தி எனக்கு வந்தது. நீ ஒரிகனில் வேளைக்குச் சாப்பிட்டு உடம்பு நன்றாக இருந்தால் அதுவே போதும், நான் எழுந்து நடமாடுகிறேன். செய்தி வந்தபோது கல்லூரி மின்நிலையத்தில் ஏணிமேல் நின்றிருந்தேன். கீழேயிருந்து கூட வேலை செய்யும் ரஸ், "இறங்கி வாப்பா ஆர்லன், எடித் ஆபீஸ்லயே விழுந்துட்டாங்க, போயிட்டாங்கப்பா" என்றான். கையிலிருந்த நட்டை முழுசாக முறுக்கிவிட்டுத்தான் இறங்கினேன். ஏன் என்று தெரியவில்லை. மூளையில் ரத்தக்குழாய் வெடித்ததாம்.

வர முடியவில்லை என்ற உன் தந்தி கிடைத்தது. உன்மேல் கோபமில்லை. அம்மா இங்கே மாணவிகளுக்கு டீன், விடுதிக் கதவு இரவு பத்தரைக்குப் பூட்டும். பட்டாளத்துக்குப் போன உன் சிநேகிதன் வெய்னை ரயிலேற்றிவிட்டு நீ தாமதமாக வந்தாய், ஒரு மாதம் சாயங்காலம் வெளியே போகக்கூடாது என்று எல்லாப் பெண்களுக்கும் போடுகிற தடையை உனக்கும் போட்டாள். "வீட்லயும் நீ டீன்தான்" என்றாய். "உன்னை விட்டுட்டு, மத்த பொண்ணுங்களை எந்த மூஞ்சியோட பூட்டுவேன்?" என்றாள். இரண்டும் சரி, அதுதான் இன்றைக்கும் கஷ்டமாக இருக்கிறது. அதன்பின் நீ அவ்வளவு தூரம் போய்ப் படிக்கிறாய்.

கதவு பூட்டுமுன், படியில் நிற்கும் ஜோடிகள் பிரியட்டும் என்று வாசல் விளக்கை அணைத்து அணைத்துப் போடுவார்களே, 'எடித் கண்ணடிக்கிறா' என்று நீங்களெல்லாம் கேலி செய்வீர்களே. அடக்கம் முடிந்து சாயங்காலம் காரில் வருகிறேன், எல்லா விடுதி வாசலிலும் விளக்கு அணைந்து அணைந்து எரிகிறது. லைனில் கோளாறு என்று நினைத்து, கோட்டைக் கழற்றிவிட்டு மின்பெட்டியைத் திறக்கப் போனேன். எப்போதும் தாமதமாக வந்து தண்டனை வாங்குகிற மார்லிஸ் ஓடிவந்து கையைப் பிடித்தாள். "பெட்டியை மூடுங்க சார், ரிப்பேர் ஒண்ணுமில்ல. நாங்கதான். அவங்களுக்கு குட்நைட் சொல்றோம்" என்றாள். அவள் அப்பா படிப்பை நிறுத்தப் பார்த்தபோது உன் அம்மா பனியில் அவர்கள் பண்ணைக்கே போய்ச் சண்டை போட்டாளாம். எனக்கே தெரியாது.

ஊர் விளக்கையெல்லாம் அணைக்கச் சொன்னவள், நீ போனதிலிருந்து நம் வாசல் விளக்கை அணைக்கவிட்டதே இல்லை. பல்பு சீக்கிரம் போய்விடும் என்பேன். "அவ எந்நேரம் வர்றாளோ, படியில தடுக்கி விழணுமா?" என்பாள். உனக்கு எழுதேன் என்றால் எழுதமாட்டாள். நேற்று பல்பு போயிற்று, புதிதாகப் போட்டேன்.

ஈஸ்டருக்காவது வா. கம்பளிக் கோட்டை மறக்காதே, இங்கே பனி இன்னும் விடவில்லை. உனக்கு ஒரு குறையும் வராமல் கடவுள் பார்த்துக்கொள்ளட்டும்.

உன் அப்பா,
ஆர்லன்

பி.கு. வருகிற நாளை எழுதித் தெரிவி, போனில் கூப்பிடாதே. சாயங்காலம் போன் மணியடித்தால், 'லேட்டாகும், நீ சாப்பிடு' என்று சொல்ல அம்மாதான் ஆபீஸிலிருந்து கூப்பிடுகிறாள் என்று எழுந்து ஓடுகிறேன். போன் ஒயரைக் கழற்றி வைத்துவிட்டேன்.