ஒரே பக்கம் சாய்ந்த மேடுகள்

தேஜோன், தென் கொரியா,
நவம்பர் 14

அன்புள்ள சோல்-ஹீ அக்காவுக்கு,

உடம்பு எப்படி இருக்கிறது? ஜெர்மனியில் பனி விழ ஆரம்பித்துவிட்டதா? மூன்று மின்னஞ்சல் போட்டும் உங்களிடமிருந்து பதில் இல்லை. என் மேல் கோபமோ என்னவோ என்றுதான் கையால் எழுதுகிறேன்.

இங்கே போன வாரம் எல்லோரும் சேர்ந்து குளிர்காலத்துக்குக் கிம்ச்சி ஊறுகாய் போட்டோம். மிளகாய்த்தூள் பட்டு விரல் இன்னும் எரிகிறது. ஆய்வகத்தில் நம் இளைய மாணவன் டோ-ஹியோக் உங்கள் பழைய நாற்காலியை யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். நோயாளிகளுக்குச் செருகும் சிறுநீர்க் குழாய்மேல் பூசும் நம் பாலிமர் பூச்சை, நீங்கள் படம் எடுத்த அதே அணுவிசை நுண்ணோக்கியில் மறுபடி அளந்தேன். புது ஊசியால் மேற்பரப்பைத் தடவினால் எங்கு பார்த்தாலும் நுண்ணிய குழிகள். கிருமி குடியேற அது போதும். நீங்கள் வெளியிட்ட படத்திலோ ஒரு குழிகூட இல்லை. நான்கு ஊசி மாற்றினேன், பூச்சிலும் மூன்று துண்டு மாற்றினேன். குழிகள் போகவில்லை. பேராசிரியர் குவாக்கிடம் காட்டினேன். "உன் கைதாம்மா சரியில்ல. சோல்-ஹீ எடுத்த மாதிரி வர்ற வரைக்கும் எடு. அப்புறம் வந்து ஆய்வேட்டுக்குக் கையெழுத்து கேளு" என்றார். ஏழு வாரம் எடுத்தேன்.

கடைசியில் உங்கள் படத்தையே உற்றுப் பார்த்தேன், அக்கா. அதில் உள்ள மேடுகள் எல்லாம் ஒரே வடிவம், ஒரே பக்கம் சாய்ந்தவை. முனை உடைந்த ஊசி போகுமிடமெல்லாம் தன் உருவத்தைத்தான் வரையும் என்று உங்களுக்குத் தெரியாததா? சந்தேகம் தீர, ஓர் ஊசியைக் கண்ணாடியில் உரசி மழுக்கிவிட்டு எடுத்தேன். அது குழிக்குள் இறங்கவில்லை. உங்கள் படம் அப்படியே வந்தது.

அதைத் திரையில் விட்டுவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனேன். திரும்பி வந்தால் பேராசிரியர் நிற்கிறார். "பாத்தியா, கை படிஞ்சிருச்சு!" என்று மேசையைத் தட்டிச் சிரித்தார். நான் வாய் திறப்பதற்குள் படத்தைக் குழாய் தயாரிக்கும் நிறுவனத்துக்கு அனுப்பிவிட்டார். நடந்ததைச் சொன்னதும் அவர் முகம் மாறியது. "ஊசிய மழுக்கினது நீ. பழிய அவ மேல போடுறியா? வெளிய சொல்லு, மோசடிக்காரின்னு உன் பேரைத்தான் எழுதுவாங்க" என்றார். அவர் சொல்வதும் பொய்யில்லை. அந்தப் படத்தின் கீழே இருப்பது என் பெயர்தான். டோ-ஹியோக்கோ, "பேசாம பட்டத்த வாங்கிட்டுக் கெளம்புங்கக்கா, பூச்சு அது பாட்டுக்கு இருக்கட்டும்" என்கிறான்.

அந்தப் படத்தோடு கொடுத்திருந்த ஆய்வேட்டை நேற்றுத் திரும்பப் பெற்றுவிட்டேன். பல்கலைக்கழக அலுவலகத்தில் காரணம் கேட்டார்கள். 'படம் பொய்' என்று எழுதிக் கொடுத்தேன். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. ஆறு வருடம் போன பிறகு எப்படிச் சொல்வது?

நான் தனியாகச் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். ஜனவரியில் அந்தக் குழாய்களை நோயாளிகளுக்குப் போட்டுப் பார்க்கப் போகிறார்கள். உங்கள் படத்தை எந்த ஊசியில் எடுத்தீர்கள், அதை அதற்குமுன் எத்தனை முறை ஓட்டியிருந்தீர்கள் என்பது உங்களோடு போன குறிப்பேட்டில் மட்டுமே இருக்கிறது. தெரியாமல் நடந்தது என்றே நம்புகிறேன். தெரிந்துதான் என்றாலும் என்னிடம் சொல்லுங்கள். நான் திட்டமாட்டேன்.

உங்களுக்கு மார்ச்சில் பிரசவம் என்று உங்கள் தங்கை சொன்னாள். தாயும் பிள்ளையும் நலமாக வீடு திரும்ப வேண்டும். பிரசவ அறையில் உங்கள் உடம்புக்குள் வைக்கும் ஒவ்வொரு குழாயும், கண்ணில் பட்டதை மறைக்காத ஒருவர் அளந்ததாக இருக்கட்டும்.

பதில் போடுங்கள், அக்கா.

உங்கள்
மியோங்-ஆ