கேட்டவருக்கு மறுக்காத ஊற்று

நாள் 41, காலை 6.10

ஊற்றின் அழுத்தம் சரி. வெப்பம் நான்கு பாகை. குழாயில் கசிவு இல்லை.

இதைக் கண்டெடுப்பவருக்கு: செவ்வாய்க் கிரகத்தில் தரைக்கடியிலிருந்து தண்ணீர் தானாக மேலே வரும் ஒரே இடம் இது. இங்கிருந்துதான் நெடும்பள்ளம் ஊருக்குக் குழாய் போகிறது. பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் இந்த ஊற்று நிலையத்தைக் காக்க வந்தேன். தனி ஆள். ஊர்ச் சட்டம் எளிது: ஊற்று பொது, தண்ணீர் கேட்டவருக்கு மறுக்கக்கூடாது. என் வகுப்பில் ஒரு பானையும் ஒரு டம்ளரும் இருந்ததுபோல. யார் குடித்தார்கள் என்று நான் பார்த்துக்கொண்டிருந்ததில்லை.

நாள் 58, காலை 11.30

ரேடியோவில் ஒரு குரல்.

"நிலையத்துல யாராச்சும் இருக்கீங்களா? வண்டி சூடாயி நின்னுபோச்சு. கொஞ்சம் தண்ணி கிடைக்குமாய்யா?"

"வாப்பா. இதெல்லாம் கேக்கணுமா?"

வந்தவர் பெயர் சூசைராஜ். ஒரு பாட்டில் தண்ணீர் கம்பெனியின் ஓட்டுநர். இரண்டு கேன் பிடித்துக்கொண்டார். நான் டம்ளரை நீட்டியதைப் படம் எடுத்தார். "வீட்டுல காட்டணும் வாத்தியாரே. இந்தக் கிரகத்துல சும்மா ஒண்ணு குடுத்த மொத ஆள் நீங்கதான்" என்றார். நெடுநாளுக்குப் பின் வாய்விட்டுச் சிரித்தேன்.

நாள் 203, பகல் 1.00

அழுத்தம் சரி. சூசைராஜ் வாரந்தோறும் வருகிறார். கேன் போய் டேங்கர் வந்துவிட்டது. "வண்டிக்கு இவ்வளவு தாகமா தம்பி?" என்றேன். "பெரிய வண்டி, பெரிய தாகம்" என்றார். எனக்காக ஒரு கறிவேப்பிலைக் கன்று கொண்டுவந்திருந்தார். சாக்பீஸ் கேட்டு வரும் மாணவனிடம் இது எத்தனையாவது என்று நாம் கேட்பதில்லை.

நாள் 431, காலை 9.15

ஊர்த் தலைவி தில்லைநாயகி ரேடியோவில்.

"சார், கம்பெனிக்குத் தண்ணி குடுத்தீங்களா?"

"கேட்டாங்க, குடுத்தேன்."

"அதத்தான் நடுவர் மன்றத்துல காட்டியிருக்காங்க. ஒரு வருஷமா யாரும் தடுக்காம எடுத்தோம், இனி அது எங்க உரிமைன்னு. சூசைராஜே வந்து சாட்சி சொல்லிட்டாரு."

"ஊரு எதிர்த்து நிக்கணும்மா."



"நின்னா வழக்கு வருஷக்கணக்கா இழுக்கும் சார். வீட்டுக்கு தினம் ரெண்டு பாட்டில் இலவசம்னாங்க. ஊர்க்கூட்டத்துல எல்லாரும் சரின்னு கை தூக்கிட்டாங்க. நானும் தூக்கிட்டேன்."

கறிவேப்பிலைக்குத் தண்ணீர் விடும் நேரம். இன்று விடவில்லை.

நாள் 466, காலை 6.10

கம்பெனியின் பம்பு ஓடுகிறது. அழுத்தம் பாதி. ஒரு டம்ளர் மோரில் இரண்டு ஸ்ட்ரா போட்டுப் பாருங்கள். ஒருவன் பலமாக உறிஞ்சினால் மற்றவனுக்குக் காற்றுதான் வரும். அந்த மற்றவன் எங்கள் ஊர். வால்வுச் சாவியை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார்கள். என்னை அழைத்துப்போக வண்டி வரவில்லை.

நாள் 490

ஊர்க்குழாய் வறண்டது. இலவச பாட்டிலும் நின்றுவிட்டதாம். நிலையத்திலும் தண்ணீர் இல்லை. சூசைராஜிடம் ரேடியோவில் கேட்டேன்.

"என் கையில இல்ல வாத்தியாரே. ஒரு பாட்டில் அனுப்பச் சொல்றேன். இதுக்கு மேல கேக்காதீங்க, எனக்குச் சங்கடமா இருக்கு."

சங்கடம் அவருக்கு!

நாள் 492, பகல் 2.00

பாட்டில் வந்தது. லேபிளில் டம்ளரை நீட்டும் ஒரு கை. என் கை. அதன் கீழே: 'கேட்டவருக்கு மறுக்காத ஊற்று.'

மூடியைத் திறக்கவில்லை.

மாலை 4.20

"நிலையத்துல யாராச்சும் இருக்கீங்களா? கொஞ்சம் தண்ணி கிடைக்குங்களா?"

அதே வார்த்தைகள். பாட்டிலை மார்போடு அணைத்துக்கொண்டேன். இத்தனை நாளில் முதல்முறையாகக் கேட்டேன்: "யாரு நீங்க? எந்தக் கம்பெனி?"

"கம்பெனியா? நெடும்பள்ளம் சார். வண்டி நின்னுபோச்சு, நடந்து வர்றோம். சின்னவ மயங்கிட்டா, ரேடியோல சார்ஜ் வேற—"

"பேரச் சொல்லுங்க. எந்த வீடு? உண்மையச் சொல்லுங்க."

தொடர்பு அறுந்தது. இரைச்சல்.

4.35

எந்தப் பக்கமிருந்து வருகிறீர்கள் என்றல்லவா கேட்டிருக்க வேண்டும். விளக்கு போட்டிருப்பேன். வழி சொல்லியிருப்பேன். நான் பெயர் கேட்டேன்.

5.50

எல்லா விளக்கும் போட்டாயிற்று. மூடியைத் திறந்து, டம்ளரில் ஊற்றிக் கதவருகே வைத்திருக்கிறேன். மைக்கைக் கீழே வைக்கவில்லை. வாங்க. யாரா இருந்தாலும் வாங்க. கேக்கவே வேணாம். வாங்க