வாத்தியாரின் நாடகங்களில் உங்கள் சொற்கள்

என் பிரியமுள்ள அண்ணனுக்கு,

நீங்கள் போன பிறகு உங்கள் பெயரில் ஒரு வழக்கு நடந்தது. கோர்ட்டில் அல்ல, நம் கரமனை வீட்டுச் சாப்பாட்டு மேசையில்.

சாலைக் கடைத்தெருவில் நம் நாடக சபை ஆரம்ப காலத்தில் போட்ட நான்கு நாடகங்களை மறந்திருக்க மாட்டீர்கள். சபை வாத்தியார் எழுதியவை என்று பழையவர்கள் சொல்வார்கள், அத்தாட்சி கிடையாது. மிஞ்சியவை உங்கள் கையெழுத்துப் பிரதிகள் மட்டுமே. அவற்றைப் புத்தகமாக்க முனைந்த உங்கள் மகன் ராஜன், எழுதியது யார் என்று கம்ப்யூட்டரிடம் கேட்டான்.

'பிறகு', 'ஆனால்' போன்ற சின்னச் சொற்களை யார் எவ்வளவு புழங்குகிறார்கள் என்று அது எண்ணுமாம். வாத்தியாரின் கட்டுரைகளோடும் உங்கள் கடிதங்களோடும் ஒப்பிட்டது. நாடகங்கள் உங்களுடையவை என்றது.

"அத்தே, அப்பாதான் எழுதியிருக்காரு! அட்டையில அப்பா பேரு!" ராஜனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"மக்களே, உங்கப்பா எழுதல்ல. வாத்தியாரு எழுதினதைப் பாத்துப் பகர்த்தினாரு, அவ்வளவுதான்" என்று அவனிடம் சொன்னேன்.

"அத்தைக்கு அப்ப என்ன வயசு? கம்ப்யூட்டர் கள்ளம் பறயுமா, பின்னே?"

பொய் சொல்லவில்லைதான். ஆனால் அதற்கு உங்கள் வழக்கம் தெரியாது. நடிகர்களுக்குப் பாடம் எழுதிக் கொடுக்கும்போது ஒவ்வொரு வரியையும் அவரவர் வாய்க்கு வாகாக மாற்றுவீர்களே! ராஜா வேஷக்காரர் 'ஆயினும்' என்று திக்கினால், மறுநாள் அது 'ஆனாலும்' ஆகிவிடும். கதையும் பாத்திரங்களும் வாத்தியாருடையவை. சின்னச் சொற்கள் உங்களுடையவை.

இதை அவனுக்கு எப்படிப் புரியவைப்பது? நீங்கள் பிறக்கும் முன்பே அச்சான வேறொருவர் நாடகத்தையும் சபை போட்டதல்லவா? அதற்கு நீங்கள் எழுதிய மேடைப் பிரதியைக் கொடுத்துப் பார்க்கச் சொன்னேன். அதையும் நீங்களே எழுதியதாகக் கம்ப்யூட்டர் சொன்னது.

ராஜன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். "அப்போ அப்பாவுக்குன்னு ஒண்ணுமே இல்லியா அத்தே?"

நீங்கள் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? "நாலு நாடகத்தையும் பேச வச்சது அவருதானே, மக்களே" என்றேன்.

அட்டையில் வாத்தியார் பெயர். உள்ளே, மேடைக்கு ஏற்பப் பிரதி செய்தவர் என்று உங்கள் பெயர். ராஜனே அதைத் தட்டச்சு செய்தான்.

அண்ணா, புரூஃப் என்னிடம்தான் வரப்போகிறது. பள்ளிப் பிள்ளைகளின் தமிழைத் திருத்தித் திருத்திப் பழகிய கை இது. உங்கள் சொல் ஒன்றைக்கூட அது தொடாது.

உங்கள் தங்கை,
சாரதா