சத்தமில்லாத மீன் பாட்டு

சனி, இரவு

இன்றைக்குப் பாட்டு நடத்தியது நானில்லை, ஹனா, காது கேளாத மூன்று வயது ஹனா!

காலையில் வாசிகசாலைப் பக்கத்தறையில், சனிதோறும் உம்மாமாரோடு வருகிற பிள்ளைகளுக்கு மீன் பாட்டு சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன், யூடியூப்பில் பார்த்துப் பழகிய சைகைகளோடு. வாசிகசாலையைப் பார்த்துக்கொள்கிறவர், அண்ணன் முறையில் நாங்கள் காக்கா என்று கூப்பிடுகிறவர், கதவடிக்கு வந்தார்.

"தங்கச்சி, ஆக்களுக்குப் பேப்பர் வாசிக்க ஏலாமக் கிடக்கு. இன்னொருக்காச் சத்தம் கேட்டா இனிக் கதவுத் திறப்புத் தரமாட்டன்."

எங்களுக்கு வேறு இடமில்லை. கோபம் பொங்கியது. பிள்ளைகளுக்கு வாயில் விரலை வைத்துக் காட்டிவிட்டு, அதே பாட்டைக் கையால் மட்டும் தொடங்கினேன். எப்போதும் மற்றப் பிள்ளைகளைப் பார்த்துப் பின்னால் செய்கிற ஹனா முன்னால் ஓடி வந்தாள். அவள் உள்ளங்கையில் மீன் நீந்தியது, வலை விழுந்தது. நான் மறந்த வரியையும் அவளே செய்தாள். எல்லாரும் அவளைப் பார்த்துத்தான் செய்தார்கள்.

"என்ட கிளி" என்று அவள் உம்மா அழுதுவிட்டார்.

காக்கா மறுபடி எட்டிப் பார்த்தார். "என்ன, முடிஞ்சா?"

"இல்ல காக்கா, பாடிட்டு இருக்கம்."

போகும்போது திறப்பை அவர் கேட்கவில்லை, நானும் கொடுக்கவில்லை. அந்தச் சாவி இப்போது என் தலையணைக்குக் கீழே கிடக்கிறது. இப்போதே உம்மாமாரின் வாட்ஸ்அப் குரூப்பில் போடுகிறேன்: "வாற சனியும் அதே இடம்தான். புள்ளைகளக் கூட்டிட்டு எல்லாரும் வாங்க."