ஆசீர்வாதத்துக்குப் பிறகு ஒரு வாக்கெடுப்பு

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நீயும் உன் மனைவியும் குழந்தைகளும் சுகமாக இருக்க வேண்டும் என்று நாள்தோறும் வேண்டிக்கொள்கிறேன். இங்கே அப்பாவும் நானும் இருக்கிறோம். அப்பாவின் இடது கை இன்னும் வழிக்கு வரவில்லை. வாய் மட்டும் குறைவில்லாமல் வேலை செய்கிறது. நேற்று டீ ஆறிப்போனதற்கு என்னை ஒரு பிடி பிடித்துவிட்டார்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். இரண்டொரு நாளில் பேராயர் அலுவலகத்திலிருந்து போதகர்களின் மாற்றல் பட்டியல் உனக்கு வரும். நம் ஊர்ச் சபைக்கு நேரே உன் பெயருக்குப் பதில் வேறு ஒருவரின் பெயர் இருக்கும். யார் கெடுத்தார்கள் என்று நீ மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். கெடுத்தது நான்தான். அது எப்படி என்பதை நீ என் வாயிலாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

எங்கள் பெண்கள் இல்லத்தை நீ பார்த்திருக்கிறாய். எட்டுக் கட்டில், ஒரு தையல் அறை, மூடவே மூடாத ஒரு சமையலறை. வீட்டில் அடி தாங்காமல் வருகிறவளை முதலில் உள்ளே விடு, மற்றதைப் பிறகு கேள் என்பதுதான் அங்கே சட்டம். சபையின் பெயரில் நடந்தாலும், முடிவெடுப்பது நாங்கள் ஏழு பேர் கொண்ட குழு. பல் டாக்டர் தலைவர். பதினோரு வருடமாகச் செயலாளர் நான், இந்தத் தையல் டீச்சர். இத்தனை காலமும் தலைமை எங்களை எட்டிப் பார்த்ததில்லை.

போன வருடம் ஒரு பெண் காலில் செருப்புகூட இல்லாமல் வந்து நின்றாள். உள்ளே விட்ட பிறகுதான் தெரிந்தது, பக்கத்து ஊர்ச் சபை மூப்பர் ஒருவரின் மனைவி. அந்த மூப்பர் பேராயருக்கு வலது கை மாதிரி இருப்பவர். அதன் பிறகுதான் எங்களுக்குப் புதிய விதிமுறை என்று நாலு பக்கத்தில் ஒரு தாள் வந்தது. இனிக் குழுவின் தலைவர் பேராயரே. உறுப்பினர்களை அவரே நியமிப்பார். போதகரின் கடிதம் இல்லாமல் எந்தப் பெண்ணையும் சேர்க்கக் கூடாது. முதல் இரண்டையும் நான் எப்படியோ மென்று விழுங்கியிருப்பேன். மூன்றாவது தொண்டையில் நின்றுவிட்டது.

நீயும் ஒரு போதகர். உன்மேல் எனக்குக் குறை இல்லை. எவளாவது வந்து கேட்டால் கேள்வி கேட்காமல் கடிதம் எழுதிக் கொடுப்பாய். ஆனால் உன் கோயிலில் முதல் வரிசையில் உட்கார்ந்து, காணிக்கைத் தட்டை ஏந்தி வருகிறானே, அவன் மனைவி உன்னிடம் வருவாளா? வரமாட்டாள், தம்பி. அவளுக்குப் போக ஓர் இடம் வேண்டாமா?

புதிய விதிமுறையை வாக்குக்கு விட, பேராயரே நேரில் வந்தார். அவர் கெட்ட மனிதர் இல்லை. அப்பா முப்பது வருடம் அவர்கள் அலுவலகத்தில் தட்டச்சு செய்ததை மறக்காமல் விசாரித்தார். கூட்டத்துக்கு முன் என்னைத் தனியே கூப்பிட்டு, “தம்பிய இங்க கொண்டுவந்துடலாம்னு இருக்கேம்மா. அப்பாவுக்கும் தொணையா இருக்கும். நீங்க ஒரு ஆளா எவ்வளவுதான் பாப்பீங்க?” என்றார். இதற்குப் பதிலாக இன்னது செய் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். நான் நன்றி ஐயா என்று தலையாட்டிவிட்டு உள்ளே போனேன். உண்மையைச் சொல்கிறேன், நடந்து போகும்போதே உங்கள் கட்டிலை எந்த அறையில் போடலாம் என்று யோசித்துவிட்டேன்.

அங்கேதான் வேடிக்கை. பேராயர் வந்திருக்கும்போது வேறு யார் ஜெபிப்பது? ஆரம்ப ஜெபத்தை அவரையே செய்யச் சொன்னோம். அவர் கண்ணை மூடி ஜெபித்தார், ஜெபித்தார், ஜெபித்துக்கொண்டே இருந்தார். கடைசியில் ஞாயிறு ஆராதனை முடிவில் செய்வதுபோல் இரண்டு கைகளையும் உயர்த்தி ஆசீர்வாதமும் கூறிவிட்டார். நாங்கள் ஏழு பேரும் ஆமென் சொல்லிவிட்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம்.

உனக்குத் தெரியாதே, எங்கள் இல்லத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. இதை ஆரம்பித்த அம்மையார் நிகழ்ச்சிக் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் தன் கையாலேயே எழுதி வைத்தது: ஆசீர்வாதம் கூறியாயிற்று என்றால் கூட்டம் முடிந்தது, அதற்கு மேல் பேசாமல் எழுந்து போய் வேலையைப் பாருங்கள். நாற்பது வருடமாக யாரும் அதை மீறியதில்லை. ஒரு தடவை எங்கள் குழுவில் இருக்கும் மரக்கடைக்காரர் கூரை ஒழுகுவதைச் சொல்ல மறந்து, ஆசீர்வாதம் முடிந்துவிட்டதால் ஒரு மாதம் வாளி வைத்துச் சமாளித்தோம்.

அந்த மரக்கடைக்காரர் இப்போது என் பக்கம் சாய்ந்து, “டீச்சர், அவரே முடிச்சுட்டாரு. புக்க மூடுங்க” என்று கிசுகிசுத்தார். மீசைக்குள் சிரிப்பு வேறு. என் கையும் தானாக எழுதிவிட்டது: பேராயரின் ஆசீர்வாதத்துடன் கூட்டம் நிறைவுற்றது.

அடுத்த கூட்டம் ஒரு மாதம் கழித்து. மாற்றல் பட்டியல் அதற்கு முன்பே வந்துவிடும். ஏட்டை மூடியிருந்தால் யாரும் யாரையும் எதிர்க்க வேண்டாம், இல்லத்துக்கு ஒரு மாதம் ஆபத்தில்லை, நீயும் பெட்டி படுக்கையோடு வந்து இறங்கியிருப்பாய். மூடத்தான் போனேன். நீ வந்த பிறகு நடக்கும் கூட்டத்தில் என் கை எழும்புமா என்று ஒரு நினைப்பு வந்தது. எழும்பாது. என்னை எனக்குத் தெரியும். உன் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் சேர்ந்திருப்பார்கள், அப்பா உன் தோளைப் பிடித்துக்கொண்டு வாசலில் நடந்துகொண்டிருப்பார், நான் தலையாட்டி பொம்மையாக உட்கார்ந்திருப்பேன்.

எழுதிய வரியை அடித்தேன். பதினோரு வருடத்தில் அந்த ஏட்டில் நான் அடித்த முதல் வரி. எழுந்து நின்று, எங்கள் வழக்கம் இப்படி, நீங்கள் தெரியாமல் கூட்டத்தை முடித்துவிட்டீர்கள், உங்களுக்குச் சம்மதமானால் தொடர்வோம் என்றேன். அவர் வாய்விட்டுச் சிரித்து, “பழக்கதோஷம்மா. கைய தூக்காம எனக்கு ஜெபம் முடியாது” என்றார். மரக்கடைக்காரர் என்னைப் பார்த்த பார்வையை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

தொடர்ந்தோம். பேராயர் பேசினார். குடும்பத்தைப் பிரிக்கும் வேலையைச் சபையின் பெயரில் செய்கிறோமே என்பதுதான் அவருடைய கவலை. நடிப்பில்லை, அவருக்கு உண்மையிலேயே வலிக்கிறது. ஆதரவாக மூன்று கைகள் எழுந்தன. எதிராகப் பல் டாக்டர், மரக்கடைக்காரர், ஓய்வுபெற்ற நர்ஸம்மா என்று மூன்று. நான் எதிலும் தூக்கவில்லை. எல்லோரும் என்னையே பார்த்தார்கள். பேராயரும் பார்த்தார். பேனாவைக் கீழே வைத்துவிட்டு, எதிர்ப்பு என்று கையைத் தூக்கினேன். எனக்கு வீரம் ஒன்றும் பொங்கவில்லை. பேனாவை எடுத்து, மூன்றுக்கு நான்கு, விதிமுறை தோற்றது என்று ஏட்டில் எழுதினேன்.

போகும்போது என் தலையில் கை வைத்து ஆசீர்வதித்துவிட்டுத்தான் போனார். உன்னைப் பற்றி மட்டும் பேசவில்லை. போன ஞாயிறு நம் போதகர் தனக்குப் பதிலாக வருகிறவரின் பெயரைச் சொன்னார். பழிவாங்கினார் என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. சொல்லவும் மாட்டேன். கோயில் பெயரை இல்லத்தின் பலகையிலிருந்து எடுக்கச் சொல்லிக் கடிதம் வந்திருக்கிறது. எடுத்துவிடுவோம். மாதர் சங்கத்தார் வந்து துணி தைத்துக் கொடுப்பதை நிறுத்திவிட்டார்கள். ஆராதனையில் என் பெஞ்சில் இப்போது நான் காலை நீட்டிக்கூட உட்காரலாம், அவ்வளவு இடம். வியாழக்கிழமை ஒருத்தி இரண்டு குழந்தைகளோடு வந்தாள். கதவைத் திறந்துவிட்டோம்.

இல்லத்துக்காக என் தம்பியைக் கொடுத்துவிட்டேன் என்று யாராவது பெருமையாகப் பேசினால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. உன்னைக் கேட்காமல் உன் பங்கையும் சேர்த்து நானே முடிவு செய்துவிட்டேன். அது தப்பு. நீ இருக்கும் ஊரின் குளிரில் உன் சின்ன மகளுக்கு மூச்சு இழுக்கிறது என்று உன் மனைவி எழுதியிருந்தது எனக்கு மனப்பாடம். அவளிடம் இதை மறைக்காதே. அவள் என்னை எவ்வளவு திட்டினாலும் தகும்.

அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. தினமும் காலையில் அவரைத் தூக்கி உட்கார வைக்கும்போது, “அவன் எப்ப வர்றான்?” என்கிறார். கடிதம் வரும் அப்பா என்று சொல்லிச் சமாளிக்கிறேன். இப்போதெல்லாம் தபால்காரர் சைக்கிள் சத்தம் கேட்டாலே கழுத்தைத் திருப்பி வாசலைப் பார்க்கிறார். அதனால், தம்பி, கோபம் தீரட்டும் என்று காத்திருக்காதே. கோபத்தோடேயே எழுது. என் பெயரைக்கூடப் போட வேண்டாம், அப்பாவுக்கு என்று எழுது. நானே அவருக்குப் படித்துக் காட்டுகிறேன்.

பிள்ளைகளுக்கு அத்தையின் முத்தங்கள்.

உன் அக்கா