தங்கையின் கட்டைவிரல்

செவ்வாய், இரவு.

கோரிமேட்டு ஆஸ்பத்திரியில் இன்று எனக்கு நரம்புப் பரிசோதனை. மணிக்கட்டில் லேசாகக் கரண்ட் கொடுத்தார்கள். விரல் அசையவில்லை. திரையில் கோடு எழவேயில்லை. மெஷின்தான் கெட்டிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். டெக்னீஷியனுக்கும் அதே சந்தேகம். துணைக்கு வந்த தங்கை செல்வியிடம், "நீ கைய நீட்டும்மா" என்றார். அவள் கட்டைவிரல் வெடுக்கென்று துள்ளியது. கோடு கோபுரமாக எழுந்தது.

"மெஷின் நல்லாத்தான் இருக்கு."

எனக்குச் செல்வியை அறைய வேண்டும்போல் இருந்தது.

பஸ்ஸில் உப்பளம் ஸ்டாப் வரும்வரை, "இன்னும் சுர்ருனு இருக்குதுக்கா" என்று கையைத் தேய்த்துக்கொண்டே வந்தாள். இதைக்கூடவா ஒருத்தி பீற்றிக்கொள்வாள்? வீட்டுக்கு வந்ததும் தைலம் தடவிவிடச் சொன்னாள். மூடியோடு மல்லுக்கட்டினேன். பாட்டிலை வாங்கி, ஒரே திருகில் திறந்து, என்னிடமே நீட்டினாள்.